கண்ணில் பட்ட கரும்புச் சோகை பார்வையைப் பறிக்குமா? ஆய்வக எலிகள் காட்டிக்கொடுத்த பூஞ்சையின் தந்திரம்

கரும்புச் சோகை உரிக்கும்போது கண்ணில் ஒரு கீறல். மக்காச்சோளம் அடிக்கும்போது தெறித்த ஒரு தூசி. "ஒண்ணுமில்ல, ரெண்டு நாள்ல சரியாகிடும்" என்று முகத்தைக் கழுவிவிட்டு வேலையைத் தொடர்வது சேலம், நாமக்கல் வயல்களில் சாதாரணம். பெரும்பாலான கீறல்கள் உண்மையிலேயே ஆறிவிடும். ஆனால் சில கீறல்கள் ஆறாது. கண் சிவக்கும், வலிக்கும், கருவிழியில் வெள்ளைப் புள்ளி விழும். சில வாரங்களில் அந்தக் கண்ணின் பார்வையே போய்விடலாம்.

இதற்குக் காரணம் பல நேரங்களில் பூஞ்சை. ஒரு சின்னக் கீறல் வழியாக உள்ளே போகும் பூஞ்சை கண்ணுக்குள் என்ன செய்கிறது? மருந்து ஏன் மெதுவாக வேலை செய்கிறது? மெடிக்கலில் வாங்கிப் போடும் சொட்டு மருந்து ஏன் நிலைமையை மோசமாக்குகிறது? இந்தக் கேள்விகளுக்கான விடையில் பெரும்பகுதி, ஆய்வகத்தில் எலிகளின் கண்ணில் வேண்டுமென்றே பூஞ்சைத் தொற்றை உண்டாக்கிச் செய்த பரிசோதனைகளில் இருந்து கிடைத்தது. மதுரையில் சிகிச்சைக்கு வந்த நோயாளிகளின் கண்களும் அந்த விடைக்கு உதவியிருக்கின்றன. முழு விவரத்தையும் பார்க்கலாம்.

கருவிழிப் புண் என்றால் என்ன?

கண்ணின் முன்பக்கத்தில், வாட்ச் கண்ணாடி மாதிரி ஒரு தெளிவான படலம் இருக்கிறது. பேச்சுவழக்கில் இதைத்தான் கருவிழி என்கிறோம். வெளிச்சம் உள்ளே போவதே இந்தப் படலம் வழியாகத்தான். இதன் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். இதில் ரத்தக் குழாய்கள் கிடையாது. குழாய்கள் இல்லாததால்தான் அது கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது.

ஆனால் அதே காரணத்தால் ஒரு சிக்கலும் உண்டு. உடம்பில் வேறு எங்காவது கிருமி நுழைந்தால், ரத்தம் வழியாக எதிர்ப்பு அணுக்கள் உடனே அங்கே போய்விடும். கருவிழிக்கு அவை ஓரத்தில் இருக்கும் ரத்தக் குழாய்களில் இருந்து கிளம்பி, படலத்துக்குள் நகர்ந்து நகர்ந்துதான் வரவேண்டும்.

கருவிழியின் மேல்தோல் முழுதாக இருக்கும்வரை பூஞ்சையால் எளிதில் உள்ளே நுழைய முடியாது. சோகை, முள், நெல் சுணை, சோளத்தட்டு, கல்தூள் போன்றவை கீறும்போது அந்தக் கதவு திறக்கிறது. கீறிய பொருளே பூஞ்சை வித்துகளைச் சுமந்துகொண்டு உள்ளே போகலாம். அங்கே அவை முளைத்துப் புண் ஆவதைத்தான் பூஞ்சைக் கருவிழிப் புண் என்கிறார்கள் டாக்டர்கள். ஆறிய பிறகு நிற்கும் வெள்ளைத் தழும்பைத்தான் ஊரில் "கண்ணுல பூ விழுந்துருச்சு" என்று சொல்வார்கள்.

எந்தப் பூஞ்சைகள்?

முக்கியமாக இரண்டு: ஃபியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ். இரண்டுமே மண்ணிலும், மட்கும் இலைதழையிலும், பயிரிலும் சகஜமாக இருப்பவை. ஃபியூசேரியம் பல பயிர்களில் வாடல் நோயை உண்டாக்கும் குடும்பம்.

ஆஸ்பெர்ஜில்லஸ் குடும்பத்தில் 'ஃபிளேவஸ்' என்ற வகை நாமக்கல் கோழிப்பண்ணையாளர்களுக்கு நன்றாகவே தெரிந்த எதிரி. ஈரம் பட்ட மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் வளர்ந்து, கோழித் தீவனத்தில் 'அஃப்ளாடாக்சின்' நஞ்சைக் கலப்பது இதுதான். அதே பூஞ்சை தென்னிந்தியாவில் கருவிழிப் புண்களிலும் அடிக்கடி பிடிபடுகிறது.

இவை மனிதனைத் தேடி வரும் கிருமிகள் அல்ல. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. கீறல் இருந்தால் உள்ளே போகும், அவ்வளவுதான்.

எவ்வளவு பெரிய பிரச்னை இது?

மதுரை மாவட்டத்தில் 1993-ஆம் ஆண்டுக்கான கணக்கை எடுத்தபோது, ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகத் தெரிந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்தில் எடுக்கப்பட்ட கணக்கைவிட இது சுமார் 10 மடங்கு அதிகம்.

1994-இல் ஜனவரி முதல் மார்ச் வரை, மூன்றே மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரை டாக்டர் எம். சீனிவாசன் தலைமையிலான குழு ஆராய்ந்தது. 1997-இல் வெளியான அதன் முடிவுகள் இவை:

• 65 சதவீதம் பேருக்கு முன்னதாகக் கண்ணில் அடிபட்டிருந்தது.
• கிருமி கண்டறியப்பட்ட 297 பேரில், பாக்டீரியா மட்டும் இருந்தவர்கள் 140 பேர், பூஞ்சை மட்டும் இருந்தவர்கள் 139 பேர். ஏறக்குறைய சரிபாதி.
• பூஞ்சைகளில் கிட்டத்தட்ட பாதி ஃபியூசேரியம்.

நாமக்கல்லுக்குப் பக்கத்து மாவட்டமான திருச்சியிலும் இதே நிலைதான். அங்குள்ள ஜோசப் கண் மருத்துவமனை ஆய்வாளர்களும் ஆப்பிரிக்காவின் கானா நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தென்னிந்தியக் கருவிழிப் புண்களில் 44 சதவீதத்துக்குப் பூஞ்சை காரணம் என்று தெரிந்தது. கானாவில் இது சுமார் 38 சதவீதம். வெயிலும், ஈரமும், வயல்வேலையும் சேரும் ஊர்களில் எல்லாம் இதே கதை.

உலக அளவில் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பூஞ்சைக் கருவிழிப் புண்ணால் பாதிக்கப்படுகிறார்கள் என்று 2021-இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது.

மோகனூர், பரமத்திவேலூர் பக்கம் கரும்பு. ஆத்தூர், தலைவாசல் பக்கம் மக்காச்சோளம், மரவள்ளி. வாழப்பாடி பக்கம் பாக்கு. இவற்றோடு கல் குவாரி, லாரி பாடி கட்டும் பட்டறை, தீவன ஆலை. கண்ணில் எதாவது தெறிக்கும் வேலைக்கு இந்தச் சமவெளியில் பஞ்சமே இல்லை.

எலிக்கு ஏன் நோயை வரவைக்கிறார்கள்?

நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது புண்ணுக்குப் பல நாட்கள் ஆகியிருக்கும். பூஞ்சை நுழைந்த முதல் மணி நேரத்தில் என்ன நடந்தது என்று அவர் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. மனிதர்களின் கண்ணில் பூஞ்சையைச் செலுத்திப் பார்க்கவும் முடியாது. கண்ணாடித் தட்டில் பூஞ்சையை வளர்க்கலாம். ஆனால் அங்கே எதிர்ப்பு அணுக்கள் இல்லை, கண்ணீர் இல்லை, நரம்பு இல்லை.

அதனால்தான் எலி. அதன் கருவிழியின் அடுக்குகள் மனிதக் கண்ணோடு பெருமளவு ஒத்துப்போகின்றன. இன்னொரு பெரிய வசதி: ஒரு குறிப்பிட்ட மரபணு மட்டும் இல்லாத எலிகளை உருவாக்க முடியும். வண்டியில் ஒரு பாகத்தைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது போல, "இந்த ஒரு பொருள் இல்லை என்றால் கண் பூஞ்சையிடம் தோற்குமா?" என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம்.

இந்தத் துறையில் முக்கியமான வேலையைச் செய்தவர்களில் ஒருவர் எரிக் பேர்ல்மன். அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் உள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்திலும், பின்னர் கலிஃபோர்னியாவின் எர்வைன் பல்கலைக்கழகத்திலும் இவரது குழு இயங்கியது. மதுரை அரவிந்த் ஆய்வாளர்களோடு சேர்ந்தும் இவர் பணியாற்றினார்.

அமெரிக்காவுக்கும் இதில் அக்கறை வரக் காரணம் இருந்தது. 2005, 2006-இல் கான்டாக்ட் லென்ஸ் அணிந்தவர்களிடையே ஃபியூசேரியம் கண் தொற்று பரவியது. அமெரிக்காவில் மட்டும் 164 பேருக்கு உறுதியானது. ஒரு லென்ஸ் கழுவும் திரவம் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. அங்கே லென்ஸ், இங்கே சோகை. உள்ளே போன பூஞ்சை ஒரே குடும்பம்.

ஆய்வகத்தில் என்ன நடக்கிறது?

முதலில் எலிக்கு மயக்க மருந்து கொடுக்கப்படும். பிறகு நுண்ணிய ஊசியால் கருவிழியின் மேல்தோலில் சின்னத் துளை போடுவார்கள். அதன் வழியாக, பூஞ்சை வித்துகள் கலந்த சுமார் 2 மைக்ரோலிட்டர் திரவம் படலத்துக்குள் செலுத்தப்படும். ஒரு சொட்டுத் தண்ணீரில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். பொதுவாக ஒரு கண்ணில் மட்டுமே இது செய்யப்படும்.

பேர்ல்மன் குழு, சிவப்பாக ஒளிரும்படி மரபணு மாற்றப்பட்ட பூஞ்சையைப் பயன்படுத்தியது. கருவிழி தெளிவானது என்பதால் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது, பூஞ்சை எங்கே எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று 24 மணி நேரம், 48 மணி நேரம் என அளக்க முடிந்தது. கருவிழி எவ்வளவு வெள்ளையாகியிருக்கிறது என்பதும் தனியாக அளக்கப்பட்டது. கடைசியில் எலிகள் வலியில்லாத முறையில் கொல்லப்பட்டு, கண்ணில் உயிரோடு மிஞ்சிய பூஞ்சையின் அளவு கணக்கிடப்படும்.

இதில் மூன்று பாடங்கள் கிடைத்தன.

பாடம் 1: பூஞ்சை வித்து மாறுவேடத்தில் வருகிறது

பூஞ்சையின் சுவரில் 'பீட்டா குளுக்கான்' என்ற சர்க்கரைப் பொருள் இருக்கிறது. நம் எதிர்ப்பு அணுக்களின் மேல் உள்ள 'டெக்டின்-1' என்ற உணரி இதைப் பார்த்ததும் "வந்திருப்பது பூஞ்சை" என்று கண்டுபிடித்துவிடும். டெக்டின்-1 இல்லாத எலிகளின் கண்ணுக்கு எதிர்ப்பு அணுக்கள் குறைவாகவே வந்தன, பூஞ்சை அதிகமாக வளர்ந்தது என்று 2010-இல் பேர்ல்மன் குழு காட்டியது.

ஆனால் காற்றில் பறக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் வித்து இந்தச் சர்க்கரையை வெளியே காட்டாது. அதன்மேல் தண்ணீர் ஒட்டாத ஒரு புரத உறை போர்த்தியிருக்கும். அந்தப் போர்வை இருக்கும்வரை உணரிக்கு எதுவும் தெரியாது. நாம் தினமும் எத்தனையோ வித்துகளை மூச்சில் இழுத்தும் உடம்பு ஒவ்வொரு தடவையும் பதறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று 2009-இல் ஒரு சர்வதேசக் குழு விளக்கியது.

கண்ணில் இதுவே ஆபத்தாகிறது. அந்த உறை இல்லாத பூஞ்சையை எலியின் கண்ணில் செலுத்தியபோது, உடம்பு அதை வேகமாக அடையாளம் கண்டு கொன்றது. உறை உள்ள பூஞ்சை தப்பிப் பிழைத்தது. 2013-இல் வெளியான முடிவு இது.

விவசாயிக்கு இதன் அர்த்தம் என்ன? கீறல் பட்ட அன்றைக்குப் பெரிதாக வலி, சிவப்பு இல்லை என்பதால் உள்ளே ஒன்றுமில்லை என்று முடிவு கட்டக் கூடாது. வித்து போர்வையை உதறி, முளைத்து, இழையாக நீண்ட பிறகுதான் கண்ணில் கலவரம் தொடங்கும். அதற்குச் சில நாட்கள் ஆகலாம்.

பாடம் 2: காப்பாற்ற வரும் படையே கண்ணையும் கரைக்கிறது

பூஞ்சை தெரிந்ததும் முதலில் ஓடிவருவது 'நியூட்ரோபில்' என்ற வெள்ளை அணுக்கள். பூஞ்சை இழை இவற்றைவிடப் பல மடங்கு நீளமானது, விழுங்க முடியாது. அதனால் நியூட்ரோபில்கள் இழையைச் சூழ்ந்துகொண்டு, வீரியமான ஆக்சிஜன் வேதிப்பொருட்களை அதன்மேல் கொட்டுகின்றன. அந்த வேதிப்பொருளைத் தயாரிக்க முடியாத எலிகளின் கண்ணில் பூஞ்சை தடையின்றி வளர்ந்தது. பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை. அந்தத் தாக்குதலைச் செயலிழக்கச் செய்யும் நொதிகளை வைத்திருக்கிறது. 2012-இல் இது விரிவாக வெளியானது.

இந்தச் சண்டைக்கு ஒரு விலை உண்டு. நியூட்ரோபில்கள் கொட்டும் நொதிகள் பூஞ்சையை மட்டும் பார்த்துத் தாக்குவதில்லை. கருவிழியின் கொலாஜன் இழைகளையும் அவை கரைக்கின்றன. புண்ணைச் சுற்றித் தெரியும் வெண்மையில் கணிசமான பங்கு, நம் சொந்த அணுக்கள் குவிந்ததால் வருவது. சண்டை நீள நீள, படலம் மெலிந்து ஓட்டை விழவும் வாய்ப்பு உண்டு.

அதாவது, கிருமியைக் கொன்றால் மட்டும் போதாது. சண்டை பெரிதாகும் முன்பே கொல்ல வேண்டும். தாமதமாகப் பூஞ்சையை ஒழித்தாலும் தழும்பு நின்றுவிடும்.

பாடம் 3: பூஞ்சைக்கு இரும்பு வேண்டும்

இரும்புச் சத்து இல்லாமல் பூஞ்சை வளராது. அதனால் சுற்றியிருக்கும் திசுவிலிருந்து இரும்பைக் கொக்கி போட்டு இழுக்கும் சிறு மூலக்கூறுகளை அது வெளியே அனுப்புகிறது. நம் உடம்போ இரும்பைப் பூட்டி வைக்கப் பார்க்கிறது. துத்தநாகம், மாங்கனீசு ஆகியவற்றையும் நியூட்ரோபில்கள் ஒரு புரதத்தால் பிடித்து வைத்துப் பூஞ்சையைப் பட்டினி போடுகின்றன என்பது 2016-இல் எலிகளில் தெரிந்தது.

2013-இல், இரும்பைப் பிடித்து வைக்கும் மருந்துகளை எலியின் கண்ணில் மேலாகப் போட்டபோது ஆஸ்பெர்ஜில்லஸ், ஃபியூசேரியம் இரண்டின் வளர்ச்சியும் குறைந்தது. புதிய மருந்துக்கு இது ஒரு வழியைக் காட்டுகிறது. ஆனால் இது எலியில் கிடைத்த முடிவு. இதை வைத்து யாரும் எந்த மாத்திரையையும் கரைத்துக் கண்ணில் விடக் கூடாது.

மதுரை நோயாளிகளின் கண்ணில் தெரிந்தது என்ன?

எலியில் பார்த்தது மனிதனுக்கும் பொருந்துமா? இதைச் சோதிக்க மதுரை உதவியது. பூஞ்சையால் மோசமாகச் சேதமடைந்த கருவிழியை அகற்றிவிட்டு, தானமாகக் கிடைத்த கருவிழியைப் பொருத்தும் அறுவை சிகிச்சை அங்கே நடக்கிறது. அப்படி அகற்றப்பட்ட திசுக்களை ஆர். சிவகணேச கார்த்திகேயன், என். வெங்கடேஷ் பிரஜ்னா, பி. லலிதா, பேர்ல்மன் ஆகியோர் அடங்கிய குழு ஆராய்ந்து 2011-இல் முடிவை வெளியிட்டது.

அந்தத் திசுக்களில் நியூட்ரோபில்கள் குவிந்திருந்தன. எலியில் முக்கியம் என்று தெரிந்த டெக்டின்-1 உள்ளிட்ட உணரிகளும், எதிர்ப்பு அணுக்களைக் கூவி அழைக்கும் வேதிச் செய்திகளும் மனிதக் கண்ணிலும் அதிகரித்திருந்தன. ஃபியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் இரண்டுக்கும் கண் காட்டிய எதிர்வினை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எலி காட்டிய பாதை பொய்யில்லை என்பதற்கு இது வலுவான ஆதாரம்.

எலியை மட்டும் நம்பி மருந்து கொடுக்கலாமா?

கூடாது. எலியின் கருவிழி மனிதனுடையதைவிடப் பல மடங்கு மெலிதானது. ஆய்வகத்தில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வித்துகளைச் செலுத்துகிறார்கள், வயலில் அப்படி நடப்பதில்லை. எலியில் நோய் சில நாட்களில் முடிகிறது. மனிதனில் வாரக்கணக்கில் இழுக்கிறது.

மருந்து விஷயத்தில் ஆய்வகக் கணிப்பு எப்படித் தவறலாம் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கண் பூஞ்சைக்குப் பழைய மருந்து 'நேட்டாமைசின்'. 1955-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டது. பால்கட்டியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கண்ணுக்குள் இது ஆழமாக ஊடுருவாது என்பது இதன் குறை. புதிய மருந்தான 'வோரிகோனசோல்' நன்றாக ஊடுருவும். ஆய்வகச் சோதனைகளிலும் அதன் செயல்பாடு நன்றாகவே தெரிந்தது. அதனால் புதியதுதான் ஜெயிக்கும் என்று பலர் நினைத்தார்கள்.

மதுரை, கோவை, புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனைகளில் 2010, 2011-இல் 323 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். 2013-இல் வெளியான முடிவு பலருக்கு ஆச்சரியம். பழைய நேட்டாமைசின்தான் வென்றது. அது போட்டவர்களுக்குப் பார்வை மேலாக இருந்தது, கண்ணில் ஓட்டை விழுவதும் மாற்று அறுவை சிகிச்சை தேவைப்படுவதும் குறைந்தன. ஃபியூசேரியம் புண்ணில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாக இருந்தது.

2017-இல் உலக சுகாதார அமைப்பு தன் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் நேட்டாமைசின் கண் மருந்தைச் சேர்த்தது. எலி காரணத்தைக் காட்டும். எந்த மருந்து நல்லது என்று கடைசித் தீர்ப்பு சொல்வது மனிதர்களிடம் நடக்கும் முறையான ஒப்பீடுதான்.

ஸ்டீராய்டு சொட்டு மருந்து ஏன் ஆபத்து?

இங்கேதான் நிறைய கண்கள் போகின்றன. கண் சிவந்தால் மருந்துக் கடைக்குப் போய் "கண்ணு சிவப்புக்கு எதாவது குடுங்க" என்று கேட்பது வழக்கம். கிடைக்கும் சொட்டு மருந்துகளில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். போட்டதும் சிவப்பு குறையும், வலி குறையும். "மருந்து கேக்குது" என்று தோன்றும்.

உண்மையில் நடப்பது வேறு. ஸ்டீராய்டு எதிர்ப்பு அணுக்களை அடக்குகிறது. பூஞ்சையை முதலில் தடுப்பது நியூட்ரோபில்கள்தான் என்பதை மேலே பார்த்தோம். அந்தப் படையின் கையைக் கட்டிப்போட்டால், வெளியே அமைதி தெரியும், உள்ளே பூஞ்சை ஆழமாக இறங்கும். சில நாட்கள் கழித்து டாக்டரிடம் வரும்போது புண் பெரிதாகியிருக்கும்.

பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாட்டிக் சொட்டு பூஞ்சையைக் கொல்லாது. அதைப் போட்டுக்கொண்டு காத்திருக்கும் நாட்கள் பூஞ்சைக்கு லாபம்.

அதனால்தான் சிகிச்சைக்கு முன் பரிசோதனை முக்கியம். கண்ணை மரத்துப்போக வைக்கும் சொட்டு விட்டு, புண்ணின் ஓரத்தை லேசாகச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பூஞ்சை இழை இருந்தால் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். பெரிய செலவு இல்லாத சோதனை இது. உறுதியானால் ஆரம்ப நாட்களில் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு முறை மருந்து விட வேண்டியிருக்கும். வாரக்கணக்கில் தொடர வேண்டும். நடுவில் வலி குறைந்துவிட்டது என்று நிறுத்தினால் பூஞ்சை திரும்ப வரும்.

விலங்குகளை வைத்து இப்படிச் செய்வது சரியா?

நியாயமான கேள்வி. இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இதற்கென மத்திய அரசின் குழு இருக்கிறது. விலங்குப் பரிசோதனை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழு இருக்க வேண்டும். எத்தனை எலிகள், ஏன் வேண்டும், வலிக்கு என்ன மருந்து என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிய பிறகுதான் வேலையைத் தொடங்க முடியும்.

1959-இல் ரசல், பர்ச் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சொன்ன மூன்று விதிகள்தான் இதற்கு அடிப்படை: மாற்று வழி இருந்தால் விலங்கு வேண்டாம், எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை. மதுரையில் செய்தது போல அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட மனிதத் திசுக்களை ஆராய்வது இந்த வழியில் ஒரு படி.

கண்ணில் அடிபட்டால் என்ன செய்யணும்?

• சுத்தமான தண்ணீரால் கண்ணைக் கழுவுங்கள். வாய்க்கால் தண்ணீர், தொட்டித் தண்ணீர் வேண்டாம்.
• கண்ணைக் கசக்காதீர்கள். குத்திக்கொண்டிருக்கும் துகளை நீங்களே எடுக்கப் பார்க்காதீர்கள். துணி நுனியால் எடுப்பது, நாக்கால் நக்கி எடுப்பது இரண்டும் தப்பு.
• தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதையும் விடாதீர்கள்.
• டாக்டர் பார்க்காமல் எந்தச் சொட்டு மருந்தும் வாங்கிப் போடாதீர்கள். வீட்டில் பழைய பாட்டில் இருந்தால் அதுவும் வேண்டாம்.
• வலி, சிவப்பு, நீர் வடிதல், வெளிச்சம் பார்க்கக் கூசுவது, மங்கல், வெள்ளைப் புள்ளி: இதில் எது இருந்தாலும் அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள். அறிகுறி இல்லாவிட்டாலும் ஒரு வாரத்துக்குக் கண்ணைக் கவனியுங்கள்.
• டாக்டரிடம் "சோகை பட்டுச்சு", "சோளத்தூசி விழுந்துச்சு" என்று என்ன பட்டது என்பதைச் சொல்லுங்கள். பூஞ்சையா என்று அவர் தேடுவதற்கு அந்த ஒரு வரி போதும். ஏற்கெனவே சொட்டு மருந்து போட்டிருந்தால் அந்தப் பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள்.
• சர்க்கரை நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றின் கண் பிரிவை அணுகலாம். சேலத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையும் இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் தமிழக அரசின் 104 மருத்துவ ஆலோசனை எண்ணில் கேட்கலாம்.

வராமலே தடுக்க முடியுமா?

பெருமளவு முடியும். கதிரடிக்கும் மிஷின் பக்கம், சோகை உரிக்கும்போது, கல் உடைக்கும்போது, வெல்டிங், கிரைண்டிங் வேலையில் கண்ணை மூடும் பிளாஸ்டிக் கண்ணாடி போட்டாலே பெரும்பாலான கீறல்களைத் தவிர்க்கலாம். வெயிலில் வேர்த்து மங்கும், தொந்தரவாகத்தான் இருக்கும். பக்கவாட்டில் காற்றுத் துளை உள்ள வகையை வாங்கினால் மங்கல் குறையும். கூலிக்கு ஆள் வைப்பவர்கள் அரிவாளோடு சேர்த்து இதையும் கொடுக்கலாம்.

பூஞ்சைக் கண் தொற்றுக்கு இதுவரை தடுப்பூசி கிடையாது. இருக்கும் மருந்தும் சீக்கிரம் தொடங்கினால்தான் பார்வையைக் காப்பாற்றும். எலிக் கண்ணில் 24 மணி நேரம், 48 மணி நேரம் என ஆய்வாளர்கள் அளந்தது பூஞ்சையின் வளர்ச்சியைத்தான். வயலில் கீறல் பட்ட கண்ணுக்கும் கணக்கு அதேதான்: வேலை முடியட்டும், சந்தை நாள் வரட்டும் என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளையும் பூஞ்சை பயன்படுத்திக்கொள்கிறது.